மாமாவின் சட்டைப்பையில் இருந்த இனிப்புக் குளிகைகள்

தக்கலைக்கு அருகே எங்கள் அம்மை வீட்டில், கடந்த ஓணத்துக்கு முந்தைய வாரம் ஒரு முற்பகலில், திண்ணையில் அமர்ந்திருந்த என் மாமா திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறத் தொடங்கினார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர். அன்று காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ரப்பர் விளைக்குப் போனவர், திரும்பி வரத் தாமதமானதால் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டிருந்தார். பதறிப்போன அத்தை உடனே ஒரு கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். ஆனால் பழகிய கை, சீனிக்குப் பதிலாக இரண்டு இனிப்புக் குளிகைகளை அதில் இட்டுவிட்டது. மாமா முழுவதையும் குடித்தார், நடுக்கம் குறையவில்லை. "மதுரமாத்தானே இருக்கு, பெறவும் ஏன் கெறக்கம் மாறல்ல?" என்று அத்தை என்னிடம் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம்; கால் மணி நேரத்தில் தெளிந்து எழுந்தார்.

குளிகையில் இருக்கும் செயற்கை இனிப்பூட்டி நாக்குக்கு இனிப்பைத் தருகிறது, இரத்தத்துக்குச் சர்க்கரையைக் கொடுப்பதில்லை. அதுவே அதன் பயன், மாமாவுக்கு வந்ததுபோல் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் தாழ்சர்க்கரை நேரத்தில் அதுவே அதன் ஆபத்து. சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்த ஒன்றையாவது சமையலறையில் நிற்பவருக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று மாலை மாமாவுடன் அமர்ந்து அவருடைய ஒரு நாள் கணக்கை எழுதினேன். ஒன்பது சாயா அல்லது காப்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குளிகை. மாலையில் மார்த்தாண்டம் பக்கம் போனால் சர்க்கரை இல்லாத கோலா ஒரு டப்பா. இடையிடையே 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய பிஸ்கட். அவருடைய பெட்டியில் ஒரு குளிகைக்கு 18 மில்லிகிராம் அஸ்பார்ட்டேம் என்னும் செயற்கை இனிப்பூட்டி இருப்பதாக அச்சிட்டிருந்தது. ஆகவே குளிகையில் மட்டும் நாளொன்றுக்கு 324 மில்லிகிராம். ஒரு டப்பா பானத்தில் 200 முதல் 300 வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்க்கை வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை அன்றாடம் ஏற்கத்தக்கது என்று வரையறுத்துள்ளது. மாமாவின் எடை 62 கிலோ என்பதால் அவருக்கான எல்லை 2480 மில்லிகிராம். எல்லாவற்றையும் கூட்டினாலும் அவர் உண்பது அந்த எல்லையின் கால் பங்கை ஒட்டித்தான் வருகிறது.

இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இனிப்புக் குளிகை என்றாலே விஷம், புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைப் படித்துவிட்டு, சர்க்கரை நோயாளிகள் மீண்டும் சீனிக்குத் திரும்புவதை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன். 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்ட்டேமை '2பி' என்ற வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற வரிசையில் வைத்தது உண்மைதான். ஆனால் அந்த வரிசை, ஒரு பொருளைக் குறித்த சான்று எவ்வளவு வலுவாக உள்ளது என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு உண்டால் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. அதே வேளையில் கூடிய வல்லுநர் குழு 40 மில்லிகிராம் எல்லையை மாற்ற வேண்டிய தேவையில்லை என்றே முடிவு செய்தது. சாக்கரின் என்னும் மற்றோர் இனிப்பூட்டியின் கதையும் இத்தகையதே: 1879இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1970களில் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகம் பெற்று, அந்த விளைவு எலியின் உடலமைப்புக்கு உரியது என்று தெரிந்தபின் 2000இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது.

அப்படியானால் நாள் முழுவதும் குடிக்கலாமா என்றால், அதற்கும் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வுகளில், செயற்கை இனிப்பூட்டிகளை அதிகம் உண்டவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நோய்களும் புற்றுநோயும் ஓரளவு கூடுதலாகக் காணப்பட்டன. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகர மக்களை நெடுங்காலமாகக் கவனித்துவரும் ஆய்வு 2017இல் வெளியிட்ட கட்டுரையில், நாள்தோறும் இத்தகைய பானம் குடிப்பவர்களிடம் மூளை இரத்தக்குழாய் அடைப்பு கூடுதலாக இருந்தது. இவ்வகை ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஏற்கெனவே எடை கூடியவர்களும் சர்க்கரை தொடங்கியவர்களும்தான் பெரும்பாலும் இந்தக் குளிகைகளை நாடுகிறார்கள். நோய் குளிகையால் வந்ததா, நோய்க்கான அடித்தளம் இருந்ததால் குளிகை வந்ததா என்பதை வெறும் கவனிப்பால் முற்றாகப் பிரித்துவிட முடியாது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது குடல் நுண்ணுயிர்களைப் பற்றிய செய்தி. இஸ்ரேலில் நலமான 120 பேரைப் பிரித்து, இரண்டு வாரம் அனுமதித்த எல்லைக்குக் குறைவான அளவே இனிப்பூட்டிகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. சாக்கரினும் சுக்ரலோஸ் என்னும் இனிப்பூட்டியும் உண்டவர்களிடம், குளுக்கோஸ் குடித்தபின் இரத்தச் சர்க்கரை முன்பைவிட அதிகமாக ஏறியது. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கூட்டமும் மாறியது. எல்லாருக்கும் ஒரே அளவில் அல்ல, ஆளுக்கு ஆள் வேறுபட்டது. மறுபுறம், நம் சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, சர்க்கரை நோயாளிகள் காப்பி, டீயில் இடும் சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோசைக் கொடுத்து 12 வாரம் பார்த்தபோது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அளவாகச் சீனிக்கு மாற்றாகக் கொள்வது ஒன்று, அளவில்லாமல் நாள் முழுவதும் கொள்வது மற்றொன்று என்றே எனக்குப் படுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2023 மே மாதம் தந்த வழிகாட்டுதலில், எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்த வழிகாட்டுதலுக்கு வெளியே வைத்தது.

மாமாவின் கணக்கில் எனக்கு உண்மையில் தவறாகத் தோன்றியது மில்லிகிராம் அல்ல. குளிகை அவருக்கு ஓர் அனுமதிச் சீட்டாக மாறியிருந்தது. சாயாவில் சீனி இல்லை என்ற துணிவில் நேந்திரன் சிப்ஸ் ஒரு பொட்டலம், மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) இரண்டு துண்டு கூடுதல், கல்யாண வீட்டில் போளியும் பாயசமும் என்று நாள் போய்க்கொண்டிருந்தது. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டில் சீனி இல்லாவிட்டாலும் மைதா இருக்கிறது, மைதா வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. அஸ்பார்ட்டேம் சீனியைப் போல ஏறத்தாழ 200 மடங்கும், சுக்ரலோஸ் 600 மடங்கும் இனிப்பவை. நாளுக்குப் பதினெட்டுக் குளிகையின் இனிப்பை ஊட்டிய நாக்கு, ஒரு மட்டி வாழைப்பழத்தின் இனிப்பை இனிப்பாகவே மதிப்பதில்லை என்று மாமாவே சொன்னார்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் உடனே சொல்லும் மாற்று கருப்பட்டி. என் தாத்தா காலத்தில் அக்கானி (பதநீர்) இறக்கிக் காய்ச்சிய குடும்பம் எங்களுடையது. கருப்பட்டிக் காப்பியின் மணத்தை நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியிலும் அதுவேதான் இருக்கிறது. பனையிலிருந்து வந்தது என்பதற்காக இரத்தத்தில் அது வேறுவிதமாக நடந்துகொள்ளாது. பனங்கற்கண்டும் அப்படியே. தேனில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது மக்கா" என்று அன்போடு சொல்லி நோயாளிக்கு ஊற்றிக் கொடுப்பவர்கள், குளிகை கொடுப்பவர்களைவிடக் கூடுதலான தீங்கைச் செய்கிறார்கள்.

ஓணத்தன்று அத்தை குளிகை போட்டு அடைப்பிரதமன் பாயசம் வைத்துப் பார்த்தார், இனிக்கவே இல்லை. நீண்ட நேரம் கொதித்தால் அஸ்பார்ட்டேம் சிதைந்து இனிப்பை இழந்துவிடும். அதே வாரம் நாகர்கோவிலில் வாங்கி வந்த சர்க்கரை இல்லாத லட்டு ஆறேழு உண்ட மாமாவுக்கு இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது மால்டிட்டால் என்றிருந்தது. இது சர்க்கரை ஆல்கஹால் என்னும் வகை, குடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் நீரை இழுத்துக்கொள்ளும், அதிகம் உண்டால் இப்படித்தான் ஆகும். கடையில் வாங்கும்போது முன்பக்கத்து எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் 950, 951, 954, 955 என்ற எண்கள் உள்ளனவா என்று பாருங்கள். முறையே அசெசல்ஃபேம், அஸ்பார்ட்டேம், சாக்கரின், சுக்ரலோஸ். ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறை உள்ளவர்கள் 951ஐ அறவே தொடக் கூடாது.

மருத்துவரிடம் காட்டி மாத்திரை நேரத்தைத் திருத்திக்கொண்ட பின், மாமாவும் நானும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். காலைக் காப்பிக்கு ஒரு குளிகை, அவ்வளவுதான்; மற்ற நேரச் சாயாவில் வாரத்துக்கு ஒரு குளிகை வீதம் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது ஏலக்காயோ சுக்கோ தட்டிப் போட்டு வெறுமனே குடிக்கிறார். முதல் மூன்று வாரம் கோபித்துக்கொண்டார். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் போட்டுக் கொடுத்த கட்டனில் அத்தை தவறுதலாக ஒரு குளிகையை இட்டுவிட, ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டார். குளிகைப் பெட்டி இருந்த சட்டைப்பையில் இப்போது குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கிறது.