பூட்டிய வீட்டுக் குடித்தனங்கள்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் மராமத்தை மேற்பார்வையிடுவது என் தொழில். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் இவ்வீடுகளில் முகப்பையும் நடு முற்றத்தைச் சுற்றிய வளவையும் விட, பின்கட்டில் சன்னல் இல்லாத அறைகளிலேயே உயிர்கள் மிகுந்திருக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும், கனத்த சுவர்களுக்குள் வெப்பம் அதிகம் ஏறி இறங்குவதில்லை; ஈரமும் சற்றுத் தங்குகிறது. குகையில் வௌவால் தேடுவதும் இதைத்தான். இருட்டு மட்டும் போதும் என்றால் அவை முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர்களிலும் தொங்கவேண்டும். ஆனால் அந்த வழவழப்பில் நகம் பிடிக்காததால், தேக்கு விட்டத்தின் இடுக்கையும் பூச்சு உதிர்ந்த மச்சையும் தேடிப் போகின்றன.

மேலே அண்ணாந்து பார்க்குமுன் நான் தரையைத்தான் பார்ப்பேன். ஆத்தங்குடிக் கல்லின்மேல் உலர்ந்த சிறு மணிகளாகக் கிடந்து, குச்சியால் நசுக்கினால் பூச்சிச் சிறகின் மினுமினுப்போடு பொடியாவது பூச்சியுண்ணும் வௌவாலின் எச்சம். பழந்தின்னியின் எச்சமோ விதைகளோடு ஈரமாகச் சுவரில் வழிந்திருக்கும். பழந்தின்னிகளிலும் எல்லாம் உள்ளே வருவதில்லை. நாவைச் சொடுக்கி எழும் எதிரொலியால் இருளில் வழி அறியும் சிறிய இனம் ஒன்று குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் அடைகிறது. அந்தத் திறன் இல்லாத பெரிய பழந்தின்னியோ ஊருணிக் கரை ஆலமரத்தில், பட்டப்பகலில், இறக்கையால் விசிறிக்கொண்டு தொங்குகிறது. மரநாய் ஓட்டுக்கடியில் பரணோடு நின்றுவிடும். புள்ளி ஆந்தைக்கு மரப்பொந்து போதும். கதைகளில் குகையை ஆளும் சிங்கம்கூட, கிர் காட்டில் புதரிலும் மரநிழலிலும்தான் படுத்துக் கிடக்கிறது.

உண்மையில் குகையை விட்டே வெளியேறாத உயிர்கள் மிகச் சில. கோட்டயத்துக் கிணறுகளில் அகப்படும் கண்ணற்ற கெளுத்தி நிலத்தடி நீரிலேயே வாழ்ந்து முடிப்பது. வௌவால் அந்த வகையன்று. இரை வெளியே இருக்கிறது, உறைவிடம் மட்டுமே உள்ளே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு, குகைக்குள் அடைபட்ட வௌவால்கள், உடன் வாழும் கூட்டம் அந்தியில் கிளம்பிப் போய்த் திரும்புவதைக் கொண்டே தம் உடலுக்குள் நேரம் காட்டும் நாள்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதைக் காட்டியது. எங்கள் வேலைக்கு இது நேரடியாகவே பயன்படுகிறது. பகலில் துவாரத்தை அடைத்தால் கூட்டம் முழுவதும் உள்ளேயே மாண்டுபோகும். குட்டிகள் இருக்கும் காலத்தில் இரவில் அடைத்தாலும் அவை தாயின்றிச் செத்துவிடும். ஆகவே குட்டிகள் பறக்கத் தொடங்கும்வரை பொறுத்து, கூட்டம் அந்தியில் வெளியேறிய பிறகே கொத்தனாரைக் கலவை குழைக்கச் சொல்கிறேன். வீட்டில் கல்யாணம் நெருங்கிவிட்டால் இந்தப் பொறுமையை விளக்குவது எளிதன்று. வௌவால் அடைந்த வீடு விளங்காது என்ற பேச்சு வேறு குறுக்கே நிற்கும்.

"தம்பி, மறுபடியும் வந்துருமா?" என்று ஓர் ஆச்சி கேட்டார். அறையைத் திறந்து விளக்கேற்றிப் புழங்கினால் வராது. கல்யாணம் முடிந்து பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போனால், எங்கோ ஓர் ஓட்டை விழுந்ததும் வரும் என்றேன். ஆச்சி சிரித்துவிட்டு, அந்தப் பக்கத்துச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார்.