இந்தக் காசு ஆர்ட தம்பி?

கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு இருந்த அறிவுறுத்தல் இவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்கில், நியூயோர்க்கில் தலைமையகம் உள்ள ஒரு யூத நிவாரண அமைப்பின் காசில் வேலை செய்தவர்களில் நானும் ஒருவன். அமைப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் என்னோடு வேலை செய்தவர்கள் இன்னமும் அதே ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

காக்கா என்று நான் மரியாதையாகக் கூப்பிட்ட முஸ்லிம் நெசவாளி ஒருவர் கேட்டார். நான் சொன்னேனா இல்லையா என்பது இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்குத் தெளிவாகவில்லை.

இடம் மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போன ஊர். காக்காவின் தறிக்குழி கடல் வந்த அன்று மண்ணும் உப்புத் தண்ணீருமாக நிரம்பிப்போனது. எப்படியோ ஒரு தறியைத் திருத்தி எடுத்துவிட்டார். இரண்டாவது தறிக்கும் நூலுக்கும் காசு வேண்டும். நாங்கள் கொடுத்தது வட்டியில்லாக் கடன். மாதாமாதம் கட்ட வேண்டும், கட்டிய காசு அடுத்த ஆளுக்குப் போகும். வங்கியில் கடன் எடுக்க மாட்டேன், வட்டி ஹராம் என்று ஒதுங்கி நின்ற பலர் இதற்கு முன்வந்தார்கள்.

மற்றவர்கள் எல்லாரும் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். காக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரை வாசித்தார். திரும்பவும் மேலே வந்தார். அங்கே எங்கள் உள்ளூர் நிறுவனத்தின் பெயர் தமிழிலும், பக்கத்தில் காசு தந்த அமைப்பின் பெயர் ஆங்கில முதலெழுத்துகளாகவும் இருந்தன. அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தார். நகக்கண்ணில் நீலச் சாயம் ஏறியிருந்தது.

"இது என்ன எழுத்து?"

வாசித்துக் காட்டினேன்.

"இந்தக் காசு ஆர்ட தம்பி? துஆக் கேக்கணுமே. ஆருக்கெண்டு கேக்கிற?"

"அமெரிக்காவில கன பேர் சேர்ந்து தந்த காசு காக்கா."

துஆ என்றால் இறைவனிடம் கேட்கும் பிரார்த்தனை. விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம், "சரி, அப்ப அவங்க எல்லாருக்குமாக் கேப்பம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவுதான் நடந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அமெரிக்காவில் கன பேர் சேர்ந்து தந்த காசுதான் அது. தந்தவர்களில் யூதர் அல்லாதவர்களும் இருந்தார்கள். அமைப்பின் பெயர், எழுத்துகளாகவாவது, அவர் விரலுக்குக் கீழேயே இருந்தது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவர் அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். இப்படி எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியாகிவிட்டது. ஆனால் அடுத்த கேள்வி வராதபடி பார்த்துத்தானே அந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தேன்? "கன பேர்" என்ற சொல் என் வாயில் தானாக வந்து விழவில்லை.

அந்த நாட்களை நினைக்க வேண்டும். 2006 ஆகஸ்ட். லெபனானில் போர் நடந்துகொண்டிருந்தது. தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் பெய்ரூட்தான் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை மூதூருக்கு வந்து, அங்கிருந்த முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்திருந்தது. அதே மூதூரில் ஆகஸ்ட் 4ஆம் திகதி, பிரெஞ்சு நிவாரண நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களது அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்களைப் போலவே நிறுவன டீசேர்ட் போட்டுக்கொண்டு வெளிக்களத்துக்குப் போனவர்கள். அதற்குப் பிறகு நான் வாகனத்தில் ஏறும்போதெல்லாம் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருதரம் குனிந்து பார்ப்பேன். அந்த வாரத்தில்தான் காக்கா கேட்டார். கேட்டவர் அறுபது தாண்டிய நெசவாளி, அவரால் எனக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அவர் நல்ல எண்ணத்தோடு பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லியிருந்தால்? அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்லியிருந்தால்? தறிக்கும் வலைக்கும் கடன் எடுத்திருந்த எல்லாரும் நடுத்தெருவில் நிற்க வேண்டி வந்திருக்கும். இந்தக் கணக்கு அந்த நொடியில் என் தலைக்குள் ஓடியதா, பிறகு நானே சேர்த்துக்கொண்டதா? சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் மட்டக்களப்புத் தமிழன். 1990க்குப் பிறகு ஒரு தமிழ்ப் பையன் முஸ்லிம் ஊருக்குப் போய்ப் படிவத்தை நீட்டி, நம்புங்கள் என்று சொல்வது சாதாரண விஷயமில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டது யார் என்று அந்த ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். காக்கா என்னைத் தம்பி என்று கூப்பிட்டு, பிளேன்டீ தந்து, பக்கத்தில் இருத்திப் பேசினார். அந்த நம்பிக்கைக்கு முழுப் பதில் கொடுக்க வேண்டாமா?

எங்களோடு நிந்தவூர்க்காரியான ஒரு தங்கச்சி வேலை செய்தாள். காசு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கும் தெரியும், அவள் வாப்பாவுக்கும் தெரியும். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "நம்மட சனத்துக்கு என்ன நிபந்தனை போடுறாங்க?" ஒன்றுமில்லை என்று சொன்னதும் "அப்ப போ" என்று விட்டுவிட்டார். காக்காவின் கதையை அவளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "நீங்க காக்காவச் சின்னப்புள்ள எண்டு நினைச்சிட்டீங்க" என்றாள். அது இன்னமும் குத்துகிறது. ஆனால் அவளும் தான் போன வீடுகளில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நான் அதைத் திருப்பிக் கேட்டேன். "என்னட்ட ஆரும் துஆவுக்கெண்டு கேக்கல்லயே" என்றாள்.

உண்மையில் அந்தச் சொல்தான் என்னைத் தடுமாற வைத்தது. சந்தேகத்தில் கேட்பவனுக்கு மறைத்துப் பதில் சொல்வது ஒன்று. நன்றி சொல்ல ஆளைத் தேடுகிறவருக்கு மறைப்பது வேறு. அவர் துஆ என்று சொன்னது உண்மையிலேயே துஆவுக்காகவா, இல்லை, கேள்வியைப் பண்பாகக் கேட்க ஒரு வழியாகவா? கிழக்கில் பெரியவர்கள் நேரே கேட்க மாட்டார்கள். அதையும் யோசித்துவிட்டேன். முடிவு கிடைக்கவில்லை.

மறுவருடம் கொழும்பில் ஒரு பயிற்சிக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவரிடம் யூதர்களின் தானம் பற்றிக் கேட்டேன். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ் தானத்தை 8 படிகளாகப் பிரித்திருக்கிறார் என்று விளக்கினார். கொர்தோபாவில் பிறந்து, எகிப்தில் சலாஹுத்தீனின் அரசவையோடு தொடர்புடைய வைத்தியராக இருந்தவர். முஸ்லிம்கள் மூஸா இப்னு மைமூன் என்று சொல்லும் ஆள். எல்லாவற்றுக்கும் மேலான படி, ஒருவன் இனிமேல் யாரிடமும் கை நீட்டாதபடி கடனோ தொழிலோ கொடுத்து அவனை நிமிர்த்திவிடுவது. அதற்கு அடுத்த படி, கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் கொடுப்பது. எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. காக்காவுக்குக் கொடுத்தது கடன், தொழிலுக்கு. யார் கொடுத்தது என்றும் அவருக்குத் தெரியாது. இரண்டு படியும் ஒன்றாகவே ஏறிவிட்டோமே என்றேன். வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் தர்மம் செய்பவனைப் பற்றி ஹதீஸிலும் உண்டு என்று நிந்தவூர்த் தங்கச்சி எடுத்துக் கொடுத்தாள்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். 1945க்குப் பிறகு ஜெர்மனியில் வீடிழந்தவர்களுக்கான முகாம் ஒன்றில் இருந்தவராம் பாட்டி. அங்கே யூதர்களுக்கு உணவும் உடுப்பும் கொண்டுவந்தது ஜாயின்ட் என்ற அமெரிக்க யூத நிவாரண அமைப்பு. 1914இல், முதலாம் உலகப் போர் தொடங்கிய கையோடு, ஒட்டோமான் ஆட்சிக்குள் இருந்த பாலஸ்தீன யூதர்கள் பட்டினி கிடக்கிறார்கள், 50,000 டொலர் அனுப்புங்கள் என்று கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கெந்தாவ் அடித்த தந்தியிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. போலந்தில் 1930களில் நூற்றுக்கணக்கான வட்டியில்லாக் கடன் சங்கங்களுக்குக் கை கொடுத்ததும் அதே ஜாயின்ட்தான். நாங்கள் மருதமுனையில் செய்தது புதிதொன்றுமில்லை. பாட்டிக்கு எல்லாம் மறந்துபோன வயதிலும் அந்தப் பெயர் மட்டும் மறக்கவில்லையாம். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைவிட, நம்மை யாரோ நினைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் பாட்டியைப் பிழைக்க வைத்தது என்றார் அந்த அம்மா. காக்காவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சரி பிழை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு முடிவு எடுத்தேன். கேட்பவருக்கு முழுசாகச் சொல்வது. அப்படி முதலில் கேட்டவர் ஒரு இளம் மீனவர், இயந்திரம் திருத்தக் கடன் கேட்டு வந்தவர். யூத ஆக்கள் அமெரிக்காவில் சேர்த்த காசு, நிபந்தனை எதுவும் இல்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு ஒண்டுமில்ல அண்ணன், ஊர் கதைக்கும்" என்றார். படிவத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார், திரும்ப வரவில்லை. பிறகு வட்டிக்குக் கடன் எடுத்துத்தான் இயந்திரம் திருத்தினார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது சொல்லுங்கள். பாதி உண்மை சொன்ன இடத்தில் ஒருவர் இரண்டு தறியோடு நிமிர்ந்தார். முழு உண்மை சொன்ன இடத்தில் ஒருவர், தன் மார்க்கம் விலக்கிய வட்டிக்குள் போனார். உண்மை சொல்வதுதான் மரியாதை என்று நான் நம்புகிறேன், இன்றும் நம்புகிறேன். அவருக்கு மறுக்கிற உரிமை கிடைத்தது, அவர் மறுத்தார், அது அவர் முடிவு. ஆனால் அந்த மரியாதைக்கு வட்டி கட்டியது நானில்லை. காக்காவுக்கு அந்த உரிமையை நான் கொடுக்கவில்லை என்று வருந்துகிறபோதெல்லாம் அந்த மீனவர் நினைவுக்கு வருகிறார். மீனவரை நினைத்து, அப்படியானால் மறைத்ததே சரி என்று தோன்றும்போது காக்காவின் விரல் நினைவுக்கு வருகிறது.

இதில் யூதர், முஸ்லிம் என்பது எவ்வளவு, சும்மா கொடுப்பதும் வாங்குவதும் எவ்வளவு என்றும் யோசிப்பதுண்டு. அந்தக் காலத்தில் எங்கள் கரையில் ஒவ்வொரு வள்ளத்திலும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் யாரோ ஒருவருடைய பெயர்ப்பலகை இருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட சனம் செத்திருந்தது. செத்தவர்களின் பெயர் எழுதிய பலகையைவிடக் கொடுத்தவர்களின் பெயர் எழுதிய பலகைதான் அதிகம். பலகை வைக்காத சிலரில் நாங்களும் ஒருவர் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையில் பயமும் பாதி கலந்திருந்தது என்பது அப்போதே தெரிந்திருக்கலாம், நான் அதைப் பார்க்க விரும்பவில்லை.

காக்கா கடனை ஒரு மாதம்கூடப் பிந்தாமல் கட்டி முடித்தார். கடைசித் தவணைப் பற்றுச்சீட்டை வாங்கியபோதும் அந்த எழுத்துகளை ஒருதரம் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒருவேளை எப்போதோ யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். முதல் நாளே தெரிந்துகொண்டுதான் "அவங்க எல்லாருக்குமா" என்று சொன்னாரோ என்றுகூட ஒரு நினைப்பு. அது எனக்கு வசதியான நினைப்பு, அதனாலேயே அதை நான் நம்புவதில்லை.

அவர் மவுத்தாகிவிட்டார். மகன் இப்போது தறி நடத்துகிறார், பெருநாள் காலத்தில் அவரிடம் சாரம் வாங்கப் போவேன். வாப்பாவின் இரண்டாவது தறிக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று அவரிடமாவது சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன். 2023 ஒக்டோபருக்குப் பிறகு அது இன்னும் கடினமாகிவிட்டது. காசாவின் படங்களை ஒவ்வொரு நாளும் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரிடம், அவர் கேட்காத ஒரு கேள்விக்கு, அவர் வாப்பாவுக்குச் சொல்லாத பதிலைக் கொண்டுபோய்க் கொடுப்பது யாருக்காக? அவருக்காகவா, எனக்காகவா? நியூயோர்க்கில் யாரோ ஒரு ஆசிரியையோ கடைக்காரரோ, பார்த்தே இராத ஒரு கரைக்கு அனுப்பிய காசுக்கும் இந்தப் படங்களுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. நிந்தவூர்த் தங்கச்சியிடம் கேட்டேன். "அவர் கேட்டா சொல்லுங்க" என்றாள். பழைய அறிவுறுத்தல்தான்.