மெஷின் சத்தமும் மலைக்காட்டுக் காதும்

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேற்றிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு நீலகிரி என்று வந்து சேர்ந்தோம். அரசுத் தாள்களில் எங்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். அட்டன் பக்கத்துத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த எனக்கோ இது முன்பின் பார்த்திராத நாடு. எங்களைப் போன்றோருக்கு வேலை தருவதற்காகவே 1968 முதல் அரசு இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்ததால், தேயிலைச் செடி ஒன்றுதான் தெரிந்த முகமாக இருந்தது. ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், மனைப்பட்டா, கோத்தகிரிக் குளிர் என்று நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் பலரும் சொல்லிவிட்டார்கள். காதுக்கு நேர்ந்ததை யாரும் சொல்லவில்லை.

அங்கே மலையில் வேலை என்றால் கையும் கத்தியும்தான். கொழுந்து கிள்ளுவதும் கவாத்து வெட்டுவதும் புல் வெட்டுவதும் சத்தமில்லாத வேலைகள். கங்காணி அதட்டினால் அடுத்த மலை வரை கேட்கும். இங்கேயும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப்போய் ஆள் குறைந்த பிறகு மெஷின்கள் வந்தன. தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள், பங்களாக்களிலும் விடுதிகளிலும் புல் வெட்டவும் உண்ணிச்செடியை அழிக்கவும் விழுந்த சீகை மரத்தை அறுக்கவும் ஒப்பந்தம் பேசிப் போகலானார்கள். புல்லும் புதரும் வெட்டும் மெஷினான பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டத் தெரிந்தவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை என்ற நிலை வந்துவிட்டது.

பெட்ரோலில் ஓடும் பிரஷ் கட்டர், பிடித்திருப்பவரின் காதருகே, சத்தத்தை அளக்கும் அலகான டெசிபெலில், பெரும்பாலும் 95 முதல் 100 வரை ஒலிக்கும். மரம் அறுக்கும் செயின் சா 105ஐயும் தாண்டும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நையாஷ் வகுத்த கணக்குப்படி, 85 டெசிபெல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம்; அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகிறது. 88இல் 4 மணி நேரம். 100இல் வெறும் 15 நிமிடம். ஊற்றிய பெட்ரோல் தீர்வதற்கு முன்பே அன்றைய கணக்கு தீர்ந்துவிடுகிறது. கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், கருவி வைத்து அளக்காமலேயே அது கெடுக்கும் சத்தம் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

என் தாய்மாமாவுக்கு வந்தது இப்படித்தான். மாலையில் மெஷினை இறக்கி வைத்த பின் காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் இருக்கும், காலையில் போய்விடும். ஆகையால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு அது போகாமலே தங்கிவிட்டது. பேத்தி பேசினால் புரியவில்லை, ஆண்கள் பேசினால் புரிந்தது. “எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க” என்று எங்களைக் குறை சொல்வார். காதுப் பரிசோதனையில், எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று வரைந்து தந்த கோடு 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலால் கெடும் காது முதலில் அங்கேதான் கெடும். ச, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் உயர்ந்த ஒலிகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் மனிதருக்கு ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதால், மருத்துவர் மருந்தேதும் எழுதவில்லை. மிச்சமிருப்பதைக் காக்கச் சொன்னார்.

காப்பதற்கு எங்கள் ஆட்கள் முதலில் எடுப்பது பஞ்சு. பஞ்சு சத்தத்தை அநேகமாக அப்படியே விட்டுவிடும். இளைஞர்கள் இயர்போனில் பாட்டு வைத்துக்கொள்கிறார்கள். மெஷினுக்கு மேல் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டுவதால் அது கெடுதலோடு கெடுதல் சேர்ப்பது. காது முழுவதையும் மூடும் இயர்மஃபே இந்த வேலைக்குச் சரி. ஆனால் மலையில் அதற்கு ஒரு தனி எதிரி உண்டு: குரங்குக் குல்லா. பனிக்காலக் காலையில் குல்லாவைக் கழற்ற யாருக்கும் மனம் வராது. அதன் மேலேயே இயர்மஃபை மாட்டுகிறார்கள். மெத்தை தோலோடு ஒட்டி அடைத்தால்தான் அது வேலை செய்யும். கம்பளி இடையில் வந்தால் அதன் இழைகள் வழியே சத்தம் உள்ளே போய்விடும். குல்லாவைக் காதுக்கு மேலே சுருட்டிவிட்டு இயர்மஃபை நேராகத் தோலில் பதியவைக்க வேண்டும். மெத்தையே காதுக்குக் கதகதப்பும் தரும். குல்லாவை விடவே முடியாதவர்கள் நுரை அடைப்பானை வைத்துக்கொள்ளலாம். சுத்தமான விரல்களால் அதை மெல்லிய திரியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் தாங்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்ததாகவே கொள்ளக் கூடாது.

கவசத்தின் பெட்டியில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்று காட்டும் என்ஆர்ஆர் மதிப்பு 25 என்று போட்டிருந்தால், 7ஐக் கழித்து மீதியைப் பாதியாக்குவது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை சொல்லும் எச்சரிக்கைக் கணக்கு. கிடைப்பது 9 டெசிபெல்தான். செயின் சா பிடிப்பவர் அடைப்பானும் இயர்மஃபும் சேர்த்தே அணிவது நல்லது. இன்னொன்று: பேசுவதற்கும் பீடி பற்றவைப்பதற்கும் மெஷின் ஓடும்போதே கழற்றிக் கழற்றி மாட்டி, வேலை நேரத்தில் பாதி கழற்றியே வைத்திருந்தால், எவ்வளவு உயர்ந்த கவசமானாலும் மொத்தத்தில் 3 டெசிபெலுக்கு மேல் குறையாது.

இதையெல்லாம் சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்கும் எதிர்க்கேள்வி நியாயமானது: “காதை அடைச்சுக்கிட்டா காட்டெருமை வர்றது எப்படித் தெரியும்?” கோத்தகிரித் தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் பகலிலேயே நடமாடுகின்றன, செருமலையும் கிளை முறியும் ஓசையையும் வைத்தே அவற்றை நாங்கள் அறிவோம். மெஷின் ஓடும்போது வெறுங்காதுக்கும் அந்த ஓசைகள் எட்டுவதில்லை என்பதுதான் உண்மை. எனவே கண்காணிக்க இன்னொரு ஆள் வேண்டும். விசில் ஊதிப் பயனில்லை, கவசத்துக்குள் கேட்காது. பின்னால் வந்து தோளைத் தொடுவதோ, கத்தி சுழலும்போது விலங்கைவிட ஆபத்து. கல் தெறிக்காத 15 மீட்டர் தள்ளி, வெட்டுபவரின் பார்வை படும் மேட்டில் அந்த ஆள் நின்று சிவப்புத் துண்டை வீசினால், இவர் உடனே இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் மேட்டில் நிற்பவர் பெரும்பாலும் அண்ணி.

இதனால் ஒப்பந்தம் பேசும்போது இரண்டு ஆள் கூலி கேட்கிறோம். சும்மா நிற்பவருக்கு எதற்குக் கூலி என்று பங்களாக்காரர்கள் முனகுகிறார்கள். சிலர் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். மற்றவர்கள் தருகிறார்கள்.