ஜிசிசி மேல் போட்ட வீண்பழி

வைஃபை கார்டுக்காக கான்ஃபிக்கில் ஒரு வரியை மாற்றி, லினக்ஸின் மையப்பகுதியான கர்னலை சோர்ஸ் கோடிலிருந்து பில்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் 'இன்டர்னல் கம்பைலர் எரர்: செக்மென்டேஷன் ஃபால்ட்'. ஏதோ ஒரு நெட்வொர்க் டிரைவரின் நடுவில், சோர்ஸ் கோடை மெஷின் கோடாக மாற்றும் கம்பைலரான ஜிசிசி படுத்துவிட்டது.

பழி நேராக ஜிசிசி மேல்தான் விழுந்தது. பழைய பதிப்புக்கு இறங்கினேன். இந்தத் தடவை எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தின் கோடில் நின்றது. க்ளாங் என்ற இன்னொரு கம்பைலருக்கு மாறினேன், அதுவும் பாதியில் போனது. இரண்டு கம்பைலர்களிலும் ஒரே நேரத்தில் பிழை இருக்குமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மெமரி போதவில்லையோ என்று கர்னலின் லாகைக் காட்டும் டிமெசெக்கைத் திறந்தேன். மெமரி தீர்ந்தால் புரோகிராம்களைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் கொன்றிருந்தால் சிக்னல் 9 வந்திருக்கும், அங்கேயும் பதிவாகியிருக்கும். எனக்கு வந்ததோ சிக்னல் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட்: தொடக்கூடாத மெமரி முகவரியைத் தொட்டதன் அடையாளம். ஆனாலும் ஒரே நேரத்தில் ஓடும் 8 ஜாப்பை 2 ஆகக் குறைத்தேன். 40 நிமிடம் நன்றாக ஓடியது, சரியாகிவிட்டது என்று நம்பினேன், அப்புறம் செத்தது.

வெறுத்துப்போய், ஏற்கெனவே கம்பைல் ஆனவற்றை அழிக்காமல் மறுபடி மேக் என்ற பில்ட் கமாண்டைக் கொடுத்தேன். முந்தைய தடவை உயிரை விட்ட அதே ஃபைல் இப்போது ஒன்றும் நடக்காததுபோல் கம்பைல் ஆனது! கம்பைலரில் பிழை என்றால் அதே ஃபைலில் அதே வரியில்தான் விழும். லாகை மேலே தள்ளிப் பார்த்தேன். 'இந்தப் பிழை மறுபடி வரவில்லை, ஹார்டுவேர் அல்லது ஓஎஸ் கோளாறாக இருக்கலாம்' என்று ஜிசிசியே சொல்லியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ பென்டிரைவில் போட்டு பூட் செய்தேன். நான்காவது நிமிடத்தில் முதல் சிவப்பு வரி. 1 இருக்க வேண்டிய இடத்தில் 0. ஒரே ஒரு பிட்தான். வீடியோவில் என்றால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. ஆனால் கம்பைலரின் மெமரி முழுக்க பாயிண்டர்கள், அதாவது மெமரியில் வேறு இடங்களைக் காட்டும் முகவரிகள். ஒன்றில் ஒரு பிட் புரண்டாலும் எங்கோ போய் முட்டிக்கொள்ளும். பல மாதம் சும்மா இருந்த கோளாறு கர்னல் பில்டில் வெளியே வந்ததற்குக் காரணம் இதுதான்.

இரண்டு 8 ஜிபி ரேம்களையும் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். பலனில்லை. ஸ்லாட்டை மாற்றி ஒவ்வொன்றாகச் சோதித்ததில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரேம் எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் சிவப்பு வரியும் கூடவே போனது. கெட்ட இடம் ஒன்றுதான் என்றால் கர்னலுக்குக் கொடுக்கும் மெம்மேப் பாராமீட்டரில் அந்த முகவரியை ஒதுக்கிவிட்டு ஓட்டலாம். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, கழற்றிவிட்டேன்.

ஏற்கெனவே கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைல்களையும், அவற்றைச் சேமித்து வைக்கும் சிசிகேஷையும் முழுக்க அழித்தேன். கெட்ட ரேமில் பிறந்தவை, சத்தமில்லாமல் தப்பாக இருக்கலாம். 8 ஜாப்போடு ஒரே மூச்சில் முடிந்தது. அந்த மாதம் எடுத்த பேக்கப் ஜிப்பை மட்டும் இன்னும் திறக்க முடியவில்லை, சிஆர்சி எரர், அதாவது உள்ளே இருக்கும் டேட்டா கெட்டுவிட்டது என்கிறது.