எதிர்வீட்டுக் குழாயில் ஆவி வருகிறதா?

குளிர்காலக் காலைகளில் திரைச்சீலையை விலக்கியதும் என் கண் முதலில் போவது எதிர்வீட்டுச் சுவருக்கு. கராஜ் கதவுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் தன் கழிவுக் காற்றை வெளியேற்றும் குழாய் அது. குளிர் கூடக் கூட அதிலிருந்து வெண்ணிற ஆவி விட்டுவிட்டுக் கிளம்பும். ஆவி வந்தால் உள்ளே சூடு இருக்கிறது. கடுங்குளிரில் அரை மணி நேரமாகியும் வரவில்லை என்றால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் எனக்கு 2022 ஜனவரி 17 அன்று வந்தது. அது ஒரு திங்கட்கிழமை. ரொறன்ரோவின் சில இடங்களில் ஒரே புயலில் 50 சென்ரிமீற்றருக்கு மேல் பனி கொட்டியது. பெருந்தொற்றால் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பவேண்டிய நாளும் அதுதான், பாடசாலைகள் திறக்கவில்லை. நானும் மகனும் மாறி மாறிச் சவளால் வழித்து, மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வாசலில் ஒற்றையடிப் பாதை ஒன்றை எடுத்தோம். நிமிர்ந்து பார்த்தால் எதிர்வீட்டுக் குழாயையே காணவில்லை. காற்று அள்ளிவந்த பனி சுவரோடு சாய்ந்து, கராஜ் கதவின் பாதி வரை ஏறி நின்றது. வாசற்படியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. அந்த வீட்டு மகனும் மருமகளும் முதல்நாள் இரவு வேலைக்குப் போய் வீதியில் அகப்பட்டுக்கொண்டவர்கள். உள்ளே மாமி தனியே இருந்தார்.

தொடையளவு பனியில் தெருவைக் கடக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. மூன்றாவது தட்டலுக்கு மாமி கதவைத் திறந்தார். குளிர்க் கோட்டும் தலையில் கம்பளித் தொப்பியுமாக நின்றார். வெளியேறும் வழி அடைபட்டால் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும். அது விடியற்காலையிலேயே நின்றுவிட்டது. குளிர் தாங்காமல் மாமி எரிவாயு அடுப்பின் நான்கு வாய்களையும் ஏற்றி, அவணின் கதவையும் திறந்துவைத்து, அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. "தலை இடிக்கிறது பிள்ளை, பிரட்டிக்கொண்டும் வருகிறது. இரவு நித்திரை இல்லை, அதுதான்" என்றார். அது நித்திரைக் குறைவு இல்லை என்று எனக்கு உடனே புரிந்தது. அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்து, அவசர உதவிக்கு 911ஐ அழைத்தேன். தீயணைப்பு வீரர்கள் அளவுகருவியோடு உள்ளே போனார்கள். கருவி கத்தியது எங்கள் வாசல் வரை கேட்டது.

அடுப்பிலிருந்து வீட்டுக்குள் நிறைந்திருந்தது கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, மயக்கம், வாந்தி, பிறகு நித்திரை. அந்த வாயுவைக் கண்டுபிடித்துக் கத்தும் கருவி அந்த வீட்டிலும் இருந்தது. எங்கே? சமையலறை லாச்சிக்குள், பற்றரி கழற்றப்பட்டு. பற்றரி தீரும்போது அது நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிட்டதாம், மாமிக்கு எரிச்சலாம்.

2008 டிசம்பரில் இதே ஒன்ராறியோவில், வூட்ஸ்டொக்கில், லோரி ஹோக்கின்ஸ் என்ற பொலிஸ் அலுவலரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இந்த வாயுவால் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் கருவி இல்லை. லோரியின் மாமா ஜோன் கிக்னாக் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் ஓயாமல் குரல் கொடுத்ததால் வந்த சட்டம் அந்த இரண்டு குடும்பப் பெயர்களையும் தாங்கி நிற்கிறது. எரிபொருள் பாவிக்கும் வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே இந்தக் கருவி இருக்கவேண்டும் என்பது 2014 ஒக்டோபர் முதல் இங்கே கட்டாயம். ஆனால் லாச்சிக்குள் இருக்கும் கருவியைச் சட்டம் எப்படிப் பார்க்கும்? அயலவர்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் தெருவின் அயலவர் குழு தொடங்கியதும் ஒரு குளிர்காலத்தில்தான். 2013 நத்தாருக்கு முந்திய வார இறுதியில் உறைமழை பெய்து, ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. நகரின் கிழக்கிலுள்ள ஸ்காபரோ மோசமாக அடிபட்டது. ஒன்பது வருடமாக நான் "ஹலோ" மட்டும் சொல்லிவந்த கயானாக்கார அம்மா, தன் எரிவாயு அடுப்பில் பெரிய பானையில் தேநீர் போட்டு வீடு வீடாகக் கொண்டுவந்தார். அன்றைக்குத்தான் அவருடைய பெயரைக் கேட்டேன். ஒன்பது வருடம்! அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது. மின்சாரம் வந்த பிறகு ஆறு வீட்டார் கூடி, தொலைபேசி இலக்கங்களைப் பரிமாறிக்கொண்டோம். இப்போது முப்பத்தெட்டு வீடுகள்: தமிழர், பிலிப்பினோக்கள், பஞ்சாபிகள், கரீபியர், இரண்டு சீனக் குடும்பங்கள்.

"காவல்" என்ற சொல் மட்டும் எங்கள் குழுவில் இல்லை. அதற்குக் காரணம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர், பிறகு கொழும்பில் சில வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். முதற்கூட்டத்துக்கு அழைக்கப் போனபோது கதவடியில் நின்றபடியே, "யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று எழுதுகிற குழு என்றால் என்னை விட்டுவிடுங்கள் பிள்ளை" என்றார். கொழும்பில் வீட்டிலிருப்போர் விபரத்தைப் பொலிஸில் பதிந்து, அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வெளியே போன காலம் அவருக்கு மறக்கவில்லை. அன்று அவர் சொன்னதன் பாரம் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

மூன்றாம் வருடம் பிடிபட்டது. ஒரு பெப்ரவரி மாலை, குழுவின் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இரண்டு கராஜ்களுக்கு இடையில், தலைமூடிச் சட்டையோடு ஒரு கறுப்பினப் பையன். "பத்து நிமிடமாக நிற்கிறான், கவனம்" என்று கீழே ஒரு வரி. ஐந்தாறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவன் எங்கள் கடைசி வரிசை வீட்டுப் பிள்ளை. பதின்மூன்று வயது. திறப்பை மறந்துவிட்டு, தாய் வரும்வரை காற்றுக்கு ஒதுங்கி நின்றிருக்கிறான். காற்றோடு சேர்த்துக் கணக்கிடும் குளிர் மறை (மைனஸ்) 28க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையலாம். எங்கள் ஜன்னல்களிலிருந்து அத்தனை பேர் பார்த்தோம். ஒருவராவது கதவைத் திறந்து "உள்ளே வா தம்பி" என்று சொல்லவில்லை. நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சமையலுக்குத் திரும்பினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அடுத்த கூட்டத்துக்கு அவனுடைய தாய் வந்து அந்தப் படத்தை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். சத்தம் போடவில்லை. மாஸ்டரும் அன்று வந்திருந்தார், முதல்முறையாக. "கொழும்பில் என்னை மறித்தவர்களும் தங்கள் தெருவைப் பாதுகாப்பதாகத்தான் சொன்னார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றிரவே விதி எழுதினோம். ஆளைப் பற்றி எழுதக்கூடாது, செயலைப் பற்றி மட்டும் எழுதலாம். கார்க் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறாரா? எழுதுங்கள், பொலிஸையும் அழையுங்கள். சும்மா நிற்கிறாரா? குளிருகிறதா என்று போய்க் கேளுங்கள். யாரையும் துரத்தக்கூடாது, படம் பிடித்துப் போடக்கூடாது. மாஸ்டர் அன்றிலிருந்து எங்களோடு இருக்கிறார். அந்தத் தாய்தான் இப்போது எங்கள் வரிசைக்குப் பொறுப்பு.

களவைப் பற்றிச் சொல்வதானால், பனி எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடும் என்பதைத்தான் முதலில் சொல்வேன். நத்தார் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர் வீடுகளில் மூன்று நாள் பனி குலையாமல் கிடந்தால், உள்ளே ஆளில்லை என்று தெருவுக்கே தெரியும். தங்கநகை இருக்கும் என்று தெற்காசியர் வீடுகளைக் குறிவைக்கும் கூட்டங்கள் இருப்பதாகப் பொலிஸார் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே யார் பயணம் போனாலும் பக்கத்து வீட்டார் அங்கே வழித்துவிட வேண்டும், விளம்பரத் தாள்களைப் பொறுக்க வேண்டும். நான் அவர்களுடைய வாசலில் என் காரை ஏற்றி இறக்கி ரயர்த் தடம் பதித்துவிட்டு வருவேன். திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனால் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாய்களையும் பார்க்கலாம். ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து வெடித்தால், ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்ற காரணத்தால் பல காப்புறுதிகள் இழப்பீடு தராது. பயணச்சீட்டு எடுக்கும்போதே உங்கள் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள்.

கார்த் திறப்பை வாசல் மேசையில் வைக்காதீர்கள். அதன் சமிக்ஞையை வெளியிலிருந்தே இழுத்துக் காரை எடுத்துப் போகிறார்கள். நான் மூடியுள்ள உலோகப் பெட்டிக்குள் வைக்கிறேன். பெட்டியோடு காரருகே போய் நின்று, கதவு திறக்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் காரை ஓடவிட்டு, திறப்பையும் உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிற பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள்.

எங்கள் தெருவில் ஆபத்தான இடம் எது என்று கேட்டால், தபால் பெட்டித் தொகுதியின் முன்னாலுள்ள நான்கடிச் சரிவு. பகலில் உருகி இரவில் கண்ணாடியாக இறுகும். போன மார்ச்சில் மாஸ்டரின் மனைவி அங்கே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உப்பு போட்டிருந்தோம். ஆனால் சாதாரணக் கல்லுப்பு மறை 10க்குக் கீழே போனால் அவ்வளவாக உருக்காது. அன்றைக்கு மணல் போட்டிருக்க வேண்டும். இந்த முறை ஒரு வாளியில் உப்பும் ஒரு வாளியில் மணலும் அங்கேயே இருக்கும். இரண்டையும் நிரப்பும் பொறுப்பு பதினோராம் வகுப்புப் படிக்கும் மூன்று பிள்ளைகளுடையது. உயர்பள்ளிச் சான்றிதழுக்கு இங்கே 40 மணிநேரச் சமூகசேவை வேண்டும். முதியவர்களின் வாசலை அவர்கள் வழிக்கிறார்கள், நான் நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடுகிறேன். ஈரப்பனி கல்லைப்போலக் கனக்கும். நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் சவளைத் தொடவேண்டாம், குழுவில் ஒரு வரி எழுதினால் போதும்.

இந்த ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்புகிறோம். இனி ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. காலை பத்து மணிக்குத் தபால் பெட்டியடியில் கூடி, இரண்டிரண்டு பேராக வீடுகளுக்கு வருவோம். பற்றரிகள் எங்களிடம் இருக்கும், ஏணியும் இருக்கும். கருவியின் முதுகில் முடிவுத் திகதி அச்சிட்டிருக்கும். அது கடந்திருந்தால் பற்றரி மாற்றிப் பயனில்லை, புதிது வாங்கவேண்டும். வெளியே குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது என்றும் கேட்போம், ஒரு சிவப்புக் கம்பை அதன் பக்கத்தில் நட்டுவிட்டுப் போவோம், எவ்வளவு பனி மூடினாலும் எங்கே தோண்டுவது என்று தெரிவதற்காக. எதிர்வீட்டு மாமி வடை சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கருவி இப்போது படுக்கையறை வாசலில், சுவரில் இருக்கிறது. நேற்றுப் போய் அதன் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். நன்றாகக் கத்தியது.