ஜி35 செல்லாமல் போன பிறகு ஓர் எம்எஸ் கிளெய்ம் பட்ட பாடு

2025 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களில் நோய்க் கோடாக ஜி35 என்று மட்டும் போட்டால் செல்லாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) என்ற நரம்பு மண்டல நோய்க்கு இத்தனை வருடம் இருந்த அந்த ஒற்றைக் கோடை உடைத்துவிட்டார்கள். இப்போது நோயின் வகைக்கு ஏற்ப, ரிலாப்சிங்-ரெமிட்டிங்குக்கு ஜி35.ஏ, பிரைமரி ப்ரோகிரசிவுக்கு பி வரிசை, செகண்டரி ப்ரோகிரசிவுக்கு சி வரிசை, வகை எழுதப்படாவிட்டால் ஜி35.டி. பி, சி இரண்டிலும் நோய் ஆக்டிவ் என்றால் 1, இல்லையென்றால் 2, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் 0. எங்கள் சென்னை பில்லிங் ஆபீசில் ஒரு டிரெய்னிங்கோடு இதை முடித்துவிட்டார்கள். டெஸ்ட்டிலும் எல்லோரும் பாஸ்.

நான் பார்ப்பது ஒரு நியூராலஜி கிளினிக்கின் ஏஆர், அதாவது வர வேண்டிய பணத்தைத் துரத்தும் வேலை. மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் சென்டரும் அவர்களுடையதே என்பதால் ஓக்ரெவஸ் என்ற எம்எஸ் மருந்தின் கிளெய்ம்கள் நிறைய வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 600 மில்லிகிராம், ஜே2350 என்ற மருந்துக் கோடில் ஒரு மில்லிகிராமுக்கு ஒரு யூனிட், ஆக 600 யூனிட். ஒரு டோஸின் பில்லே 30,000 டாலரைத் தாண்டும். அப்படி ஒன்று தொங்கினால் வராத பணத்தை நாள் கணக்கில் காட்டும் ஏஜிங் ரிப்போர்ட்டில் டிஎல் (டீம் லீடர்) கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது.

ஆரம்பத்தில் வந்தவை, கிளெய்மைச் சரிபார்த்து அனுப்பும் கிளியரிங்ஹவுஸ் ரிஜெக்‌ஷன்கள். கிளினிக்கின் சாஃப்ட்வேரில் டாக்டரின் ஃபேவரிட்ஸ் பட்டியலில் பழைய ஜி35 அப்படியே இருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஒன்று: ரிஜெக்‌ஷன் ஆன கிளெய்ம் பேயர் (காப்பீட்டு நிறுவனம்) கைக்குப் போகவே இல்லை. பேயர் பார்த்து மறுக்கும் டினையல் போல அதற்கு கிளெய்ம் நம்பர் கிடையாது, டைம்லி ஃபைலிங் கடிகாரமும் நிற்காது. ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டை தினமும் திறந்து பார்க்காவிட்டால் பிறகு காலக்கெடு தாண்டிவிட்டது என்று சிஓ-29 வரும்போது அழ வேண்டியதுதான்.

இதைச் சரிசெய்கிறேன் என்று கிளினிக்கில் யாரோ ஒருவர், நிலுவையில் இருந்த எல்லா ஜி35-ஐயும் மொத்தமாக ஜி35.டி ஆக்கிவிட்டார். அதில் செப்டம்பரில் மருந்து ஏற்றிய நோயாளிகளும் அடக்கம். அவுட்பேஷன்ட் கிளெய்மில் கோடை முடிவு செய்வது டேட் ஆஃப் சர்வீஸ்தான், பில் போடும் தேதி அல்ல. செப்டம்பர் 30 என்றால் ஜி35, அடுத்த நாள் என்றால் புதியது. அவ்வளவும் சிஓ-146 (அந்தத் தேதிக்கு இந்தக் கோடு செல்லாது) வாங்கித் திரும்பி வந்தன. அதை மாற்றி அனுப்பியது அலுப்பான வேலை, வேறு சிக்கல் இல்லை.

என் தூக்கத்தைக் கெடுத்தது ஓர் அக்டோபர் கிளெய்ம். ப்ரையர் ஆத் (பேயரின் முன் அனுமதி) ஜூலையிலேயே ஜி35-க்கு அப்ரூவ் ஆகியிருந்தது. கிளெய்ம் ஜி35.டி-யோடு போனது, சிஓ-197 என்று வந்தது. ஆத் இல்லையாம். பேயரைக் கூப்பிட்டேன். ஐவிஆர் என்ற தானியங்கிக் குரலைத் தாண்டி, ஹோல்டு மியூசிக் மனப்பாடம் ஆன பிறகு ஒரு ரெப் கிடைத்தார். ஆத் நம்பரைச் சொன்னேன். “ஆத் இருக்கிறது, ஆனால் இந்த டயக்னோசிஸுக்கு இல்லை. ஆத்தில் உள்ள கோடிலேயே பில் பண்ணச் சொல்லுங்கள்” என்றார். அந்தக் கோடு இப்போது செல்லாது, போட்டால் உங்கள் சிஸ்டமே வாங்காது மேடம் என்றேன். “அது கிளெய்ம்ஸ் டிபார்ட்மென்ட், நான் ஆத் டிபார்ட்மென்ட்.” கிளெய்ம்ஸுக்கு மாற்றினார். அங்கே இருந்தவர் திரும்ப ஆத் டிபார்ட்மென்டுக்கே மாற்றினார்.

கால் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அடுத்த ரெப்பிடம் அந்த நம்பரைச் சொல்லி, சூப்பர்வைசர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பிறகுதான் உருப்படியான பதில் வந்தது: ஆத்தில் டயக்னோசிஸை மாற்றலாம், கிளினிக்கிலிருந்து கோரிக்கையும் விசிட் நோட்டும் ஃபேக்ஸில் வர வேண்டும், எம்எஸ் எந்த வகை என்று நோட்டில் இருக்க வேண்டும்.

நோட்டை எடுத்துப் பார்த்தால்: “எம்எஸ், ஓக்ரெவஸில் ஸ்டேபிள், தொடரவும்.” அவ்வளவுதான்.

பக்கத்து சீட்டில் இருந்தவர், “பெரும்பாலும் ஏ-வாகத்தான் இருக்கும், போட்டு விடுங்க” என்றார். மருந்தை வைத்து வகையைக் கண்டுபிடிக்க முடியாது. 2017-இல் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்ததே ரிலாப்சிங், பிரைமரி ப்ரோகிரசிவ் இரண்டுக்கும்தான். ஊகித்துப் போட்ட கோடு ஆடிட்டில் மாட்டினால் யார் பதில் சொல்வது? டாக்டருக்கு குவெரி (எழுத்தில் ஒரு கேள்வி) போட்டேன். அதிலும் “ரிலாப்சிங் தானே?” என்று நாமே விடையை வாயில் ஊட்டக் கூடாது. எல்லா வகையையும் வரிசையாகக் கொடுத்து, மற்றவை, சொல்ல இயலாது என்பதையும் சேர்க்க வேண்டும்.

பதில் வந்தது, ஃப்ரன்ட் டெஸ்க்கிலிருந்து: “ஆம், நோயாளிக்கு எம்எஸ் இருக்கிறது.”

கடைசியில் காப்பாற்றியவர் இன்ஃப்யூஷன் நர்ஸ். குவெரியை டாக்டரின் இன்பாக்ஸில் நேரடியாகப் போட்டு, கையெழுத்தும் தேதியுமாக, நோட்டோடு சேர்க்கும் அடென்டம் வாங்கிக் கொடுத்தார். ரிலாப்சிங்-ரெமிட்டிங் என்று தெளிவாக இருந்தது. ஆத் மாறியது. கரெக்டட் கிளெய்மை ஃப்ரீக்வென்சி கோடு 7 (பழையதற்குப் பதில் இது என்று அர்த்தம்), பழைய கிளெய்ம் நம்பர் இரண்டும் போட்டு ஜி35.ஏ-வோடு அனுப்பினேன். இவை இல்லாமல் புதிது போல அனுப்பினால் டூப்ளிகேட் என்று சிஓ-18 வரும். (மெடிகேர் பார்ட் பி-க்கு இந்த 7 ஒத்துவராது, அங்கே வழி வேறு.) பணம் வந்துவிட்டது. டிஎல் க்ரூப்பில் ஒரு கைதட்டல் எமோஜி போட்டார்.

இப்போதெல்லாம் மருந்து ஏற்றும் தேதிக்கு முன்பே ஆத்தை எடுத்துப் பார்த்து, ஜி35 இருந்தால் அன்றே மாற்றக் கோரிக்கை அனுப்பச் சொல்கிறோம். சொல்வதைக் கிளினிக் கேட்பது வேறு விஷயம்.

செகண்டரி ப்ரோகிரசிவ் நோயாளி ஒருவருடையது இன்னும் அப்பீலில் நிற்கிறது. நோட்டில் அங்கும் “ஸ்டேபிள்” என்றுதான் இருந்தது. அதை நாமாக நான்-ஆக்டிவ் என்று எடுத்துக்கொள்ள முடியாது, குவெரி போட்டோம். டாக்டர் நான்-ஆக்டிவ் என்றே பதில் எழுதினார். ஜி35.சி2 போனது, சிஓ-50 (மருத்துவத் தேவை இல்லை) வந்தது. செகண்டரி ப்ரோகிரசிவில் ஆக்டிவாக இருப்பவர்களுக்குத்தான் இந்த மருந்தின் லேபிளில் இடம். சி1 போட்டால் பணம் வரும் என்று கிளினிக் மேனேஜர் மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தார். நோட்டில் இல்லாததைப் போட மாட்டோம் என்று மெயிலிலேயே பதில் கொடுத்திருக்கிறோம்.