பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டில் இப்போதைக்கு என் பேச்சுக்கு மதிப்பு இல்லை. காரணம், ஒரு ஆல்டர்னேட்டர். கார் எஞ்சின் ஓடும்போது கரண்ட் எடுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாதனம்.

நம்ம கார் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஒருமுறையாவது தள்ளியிருக்கிறார்கள். பத்து நாளைக்கு முன் ராத்திரி, கொட்டுகிற மழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். முதலில் வைப்பருக்குச் சோம்பல் வந்தது. பாதிக் கண்ணாடி வரை ஏறி, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. ஹெட்லைட் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் நான் இறங்கி முன்னால் மின்மினிப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம் போல ஆனது. ஹாரனை அழுத்தினால் ஆட்டுக்குட்டி ஒன்று தூரத்தில் தாயைத் தேடியது. சிக்னலில் நின்ற வண்டி, நின்றதுதான்.

"ஒரு மாசமா சிவப்பா ஒண்ணு எரிஞ்சு எரிஞ்சு அணையுதுன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் மனைவி.

சொன்னாள்தான். "பேட்டரி படம் போட்டிருக்கு பாரு, பேட்டரி இருக்குன்னு அர்த்தம்" என்று அப்போது விளக்கம் கொடுத்தவன் நான். சார்ஜ் ஏறவில்லை என்றால்தான் அந்த விளக்கு எரியும் என்பது மழையில் வண்டி தள்ளும்போது ஞாபகம் வருகிறது.

ஞாபகம் வந்தும் திருந்தினேனா? மறுநாளே போய்ப் புது பேட்டரி வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் ராஜா மாதிரி ஓடியது. மூன்றாம் நாள் காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. அப்புறம்தான் அலமாரியில் தூங்கிய மல்டிமீட்டரை, அதாவது வோல்ட் அளக்கும் கருவியை எடுத்தேன். இதை முதல் நாளே செய்திருந்தால் பேட்டரிக் காசு மிச்சம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடி, ஆல்டர்னேட்டரும் வேலை செய்தால் 13.8-லிருந்து 14.4 வரை ஏறும். எதிர் வீட்டு வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பி, ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். 11.9. 11.8. 11.7. ராக்கெட் விடுவதற்கு எண்ணுகிற மாதிரி இறங்கிக்கொண்டே போனது.

இந்த நேரம் பார்த்து மாமனார் வந்தார்.

"டைனமோ போச்சு" என்றார். "டைனமோ பழைய காலத்தது மாமா, இது ஆல்டர்னேட்டர். 1960-லேயே கிரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் காரில் போட்டுவிட்டான்" என்றேன். "1960-ல எனக்கு எட்டு வயசு. எனக்கே பாடமா மாப்பிள்ளை?" என்றபடி பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு பேட்டரியை நோக்கி நடந்தார். எஞ்சின் ஓடும்போதே பேட்டரியில் ஒயர் மாட்டியிருக்கும் டெர்மினலைக் கழற்றுவாராம். வண்டி அணையாமல் ஓடினால் டைனமோ நல்லது, அணைந்தால் கெட்டது. அவர் காலத்துப் பரிசோதனை. இந்தக் காலத்து வண்டியில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி, ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் விடுகிற டையோடும் போகலாம், வண்டியின் கம்ப்யூட்டரும் கூடவே போகலாம். நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர் பாதி ஷேவிங்கோடு வெளியே வந்தார்.

ஆல்டர்னேட்டர்தான் கோளாறு என்று முடிவானதும் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்தது. மாமனார் கட்சி: கழற்றிப் பழுதுபார். என் கட்சி: புதுசு வாங்கு. மச்சான் தனிக்கட்சி: "பெரிய வண்டியோடது போடுங்க அத்தான், 90 ஆம்பியர்!" அவன் அக்கறை எதற்கென்று எனக்குத் தெரியும். என் டிக்கியில் அவன் ஸ்பீக்கரை வைக்க இரண்டு வருடமாக அலைகிறான். ஆம்பியர் அதிகம் என்பதால் ஆல்டர்னேட்டர் கரண்டைத் திணித்துவிடாது, வண்டி கேட்கிற அளவைத்தான் கொடுக்கும், அதில் ஆபத்தில்லை. ஆனால் முழு 90-ஐயும் இழுத்தால் பழைய ஒயர் தாங்குமா? அதைவிட, அது எஞ்சினில் உட்காருமா? போல்ட் போகிற காது இரண்டும் நம்ம பிராக்கெட்டோடு ஒத்துப்போக வேண்டும், பின்னால் சொருகுகிற சாக்கெட்டும் அதேதாக இருக்க வேண்டும். மெக்கானிக் இதையெல்லாம் சொன்னதும் மச்சான் கட்சி டெபாசிட் இழந்தது.

சரி, நம்ம வண்டியுடையது எத்தனை ஆம்பியர்? கழற்றிப் பார்த்தால் லேபிள் முழுக்க ஆயில் பிசுக்கு. 12V தெரிகிறது, பக்கத்தில் ஒரு 5 தெரிகிறது, அடுத்த எண்ணைக் காலம் தின்றுவிட்டது. 50-ஆ 55-ஆ என்று நானும் மாமனாரும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். மனைவி பேசாமல் என் டூத் பிரஷை எடுத்து வந்து தேய்த்து, "55. கீழே பார்ட் நம்பரும் இருக்கு" என்றாள். ஆம், என் டூத் பிரஷ்தான். ஏன் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

அடுத்து புல்லி. பெல்ட் ஓடும் சக்கரத்தில் எத்தனை வரி என்று கடைக்காரர் போனில் கேட்டார். நான் நாலு என்றேன். மச்சான் அஞ்சு என்றான். திரும்ப எண்ணினோம். எனக்கு நாலு, அவனுக்கு அஞ்சு. விரலை வைத்து, குச்சியை வைத்து, ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் தடவி எண்ணினோம். அரைமணி நேரச் சண்டைக்கு அப்புறம்தான் புரிந்தது: நான் பள்ளத்தை எண்ணுகிறேன், அவன் மேட்டை எண்ணுகிறான். நாலு பள்ளம் இருந்தால் விளிம்போடு சேர்த்து மேடு அஞ்சு வரத்தானே செய்யும். இதற்குள் அவன் கடைக்காரரிடம் "அஞ்சு" என்று சொல்லி வைத்திருந்தான். வந்து சேர்ந்த ரீகண்டிஷன் (பழையதைச் சரிசெய்து விற்கிற) ஆல்டர்னேட்டரில் ஆம்பியர் சரி, காது சரி, சாக்கெட் சரி, புல்லியில் மட்டும் ஒரு பள்ளம் அதிகம். கடைசியில் மெக்கானிக் நம்ம பழைய புல்லியையே கழற்றி அதில் மாட்டினார். மச்சான் அந்த நேரம் முக்கியமான போன் பேசிக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் மாமனார் திண்ணையில் பழையதைப் பிரித்துப் போட்டுவிட்டார். உள்ளேயிருந்து இரண்டு கார்பன் பிரஷை (உரசியபடி கரண்ட் கொண்டுபோகும் சின்னக் கட்டைகள்) எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விரல்கணு நீளத்துக்கு இருக்க வேண்டியது, தேய்ந்து அரிசி அளவுக்கு வந்திருந்தது. "இது ரெண்டை மாத்தினா முடிஞ்சுது. இதுக்கா ஒரு வாரம்?" நான் உள்ளே சுழலும் ரோட்டரைக் கையால் சுற்றிக் காட்டினேன். பேரிங் கரகரவென்று மாவு மில் மாதிரி இரைந்தது. அவர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். இப்போது அது பேப்பரில் சுற்றப்பட்டு அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, 'ஸ்பேர்' என்ற பெயரில்.

நேற்று எல்லாம் மாட்டி முடித்தோம். மல்டிமீட்டரில் 14.2. ஹெட்லைட், வைப்பர், உள்விளக்கு எல்லாவற்றையும் போட்டும் 13.9-க்குக் கீழே இறங்கவில்லை. இன்று காலை மனைவியை ஏற்றிக்கொண்டு பெருமையாகச் சாவியைத் திருப்பினேன்.

"எரியுது" என்றாள்.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எரியணும். எரியலைன்னாதான் கோளாறு. ஸ்டார்ட் ஆனதும் தானா அணைஞ்சிடும் பாரு."

"போன மாசமும் இப்படித்தான் ஒரு விளக்கம் சொன்னீங்க" என்றபடி கதவைத் திறந்து இறங்கி, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

விளக்கு அணைந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.